செங்கோட்டைக் காத்தாடியும் சைன் தீட்டாவும்

ஜூன் மாசம் செங்கோட்டைக் கணவாய் வழியா வரும் காத்துக்கு ரெண்டு வேலை. குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவரும். தென்காசிப் பக்கத்துக் காத்தாடிகளைச் சுத்த வைக்கும். அருவியில் குளிக்கப் போகிறவர்கள் பஸ் ஜன்னலில் பார்க்கும் அந்தக் காத்தாடிதான் பதினோராம் வகுப்பின் ஓரலகு வட்டம். இதை வகுப்பில் யாராவது சொல்லக்கூடாதா?

பத்தாவது வரை சைன் என்றால் எதிர்ப்பக்கம் வகுத்தல் கர்ணம். காசி விஸ்வநாதர் கோபுரத்தின் உயரத்தைக் கண்டுபிடிக்க அது போதும். அடுத்த வருஷம் திடீரென்று சைன் 120 வருகிறது. செங்கோண முக்கோணத்துக்குள் 120 டிகிரி எப்படி நுழையும்? பையன் முழிப்பான். கிடைக்கும் பதில் "ஆல் சில்வர் டீ கப்ஸ்" என்ற மந்திரம்! கணக்கு தனக்கு வராது என்று பலர் முடிவுகட்டுவது இந்த மாதிரி இடங்களில்தான்.

குற்றால மலையைப் பார்த்தபடி காத்தாடியின் முதுகுப்பக்கம் நின்றால், இறக்கை பெரும்பாலும் இடஞ்சுழியாகச் சுத்தும். (முன்பக்கம் போனால் வலஞ்சுழி, கணக்கு உதைக்கும்.) இறக்கையின் நீளம் 1 என்று வைத்துக்கொள்ளலாம். வலப்பக்கம் படுத்திருக்கும்போது 0 டிகிரி. நுனி நடு அச்சுக்கு எவ்வளவு மேலே என்பது சைன், எவ்வளவு வலப்பக்கம் என்பது கொசைன். அவ்வளவுதான். 120-ல் நுனி உச்சியைத் தாண்டி இடப்பக்கம் சாய்ந்துவிட்டது, ஆனால் இன்னும் அச்சுக்கு மேலேதான். சைன் பிளஸ், கொசைன் மைனஸ். டீ கப் எதுக்கு? சைன் வர்க்கமும் கொசைன் வர்க்கமும் சேர்ந்து 1 ஆவது, இறக்கை நீளுவதும் இல்லை குறுகுவதும் இல்லை என்பதால்.

சின்னப் பிள்ளைகளுக்கு முக்கோணம்தான் சுலபம் என்பார்கள் ஆசிரியர்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் சைன் பிறந்ததே வட்டத்துக்குள்தான். 499-ல் ஆரியபட்டர் அட்டவணை போட்டது பாதி நாணுக்கு. 'ஜ்யா' என்ற அந்தச் சொல் அரபிக்குப் போய், லத்தீனில் தப்பாக மொழிபெயர்க்கப்பட்டு, 'சைன்' ஆகித் திரும்பி வந்தது.

இன்னொரு வேடிக்கை. காத்தாடிக்கு மூணு இறக்கை, இடையில் 120 டிகிரி. மூணு நுனிகளின் உயரத்தையும் அச்சிலிருந்து அளந்து கூட்டினால் எந்த நொடியிலும் பூஜ்யம். ஒண்ணு நேர் மேலே நின்றால் 1. மத்த ரெண்டும் 210, 330 டிகிரியில், தலா மைனஸ் அரை. வேறு கோணத்துக்கும் போட்டுப் பார்க்கலாம். காத்தாடி அனுப்பும் த்ரீ ஃபேஸ் கரண்டிலும் இதே கணக்குதான் ஓடுகிறது :-)