வாங்க ஒரு படி! விற்க ஒரு படி!

ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வந்தபோது ஒரு தம்பி என்னை நிறுத்தினான். பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவன். "ஹஜ்ரத்! வகுப்பில் என்னை 'கோட்டா பாய்' என்று கூப்பிடுகிறார்கள். நான் இன்னொருவன் இடத்தைப் பறித்துக்கொண்டேனா?" என்று கேட்டான். குனிந்த தலை நிமிரவே இல்லை.

அவனுக்குச் சொன்ன பதிலை நம் இளைஞர்கள் அனைவருக்கும் சொல்கிறேன்.

யாருடைய இடத்தைப் பறித்தோம்?

தமிழகத்தில் 69 சதவிகித இடஒதுக்கீடு போக மீதி 31 சதவிகிதம் பொதுப்போட்டி. அதில் யாரும் போட்டியிடலாம். 2007இல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவிகிதம் வந்தபோது இந்த 31இல் ஓர் இடம்கூடக் குறையவில்லை. பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவிகிதத்தில் நாம் முன்பே இருந்தோம். அதற்குள்தான் நம் பங்கு பிரிக்கப்பட்டது. 200 இடங்களில் 7 இடம்! இதற்கா இத்தனை கூப்பாடு?

திறமை செத்துவிடும் என்கிறார்கள். சரி, அவர்களிடம் திருப்பிக் கேட்போம். தனியார் கல்லூரிகளில் நிர்வாக ஒதுக்கீடு என்று பணக்காரர் பிள்ளைக்கு இடம் தருகிறார்களே, அங்கே திறமை சாகவில்லையா? வெளிநாடுவாழ் இந்தியர் பெயரில் 15 சதவிகிதம் வரை ஒதுக்கலாம் என்று 2005இல் உச்சநீதிமன்றமே அனுமதித்ததே, அப்போது இவர்கள் எங்கே போனார்கள்? பணப்பெட்டியோடு வந்தால் அது சீட்டு. சாதிச் சான்றிதழோடு வந்தால் அது சலுகையா?

2019இல் மத்திய அரசு முன்னேறிய சாதி ஏழைகளுக்கு 10 சதவிகிதம் கொடுத்தது. ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் போதுமாம். அதாவது மாதம் 66 ஆயிரம் வாங்குபவரும் ஏழை! மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் லெப்பைத் தாயின் மகன் அந்தப் பட்டியலில் சேர முடியாது. காரணம், அவன் பிற்படுத்தப்பட்டவன்! 50 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்று 1992இல் மண்டல் வழக்கில் கோடு கிழித்த உச்சநீதிமன்றம், 2022இல் 3க்கு 2 என்ற பெரும்பான்மையில் இந்த 10 சதவிகிதத்தை ஏற்றுக்கொண்டது. அன்று 'தகுதி, திறமை' என்று முழங்கியவர்கள் இதில் வாய் திறந்தார்களா?

அளவையில் மோசடி செய்பவர்களை எச்சரித்து அல்லாஹ் ஒரு தனி அத்தியாயத்தையே இறக்கியிருக்கிறான். தனக்கு வாங்க ஒரு படி, பிறருக்கு விற்க ஒரு படி வைத்திருப்பவனை வியாபாரிகளாகிய உங்களுக்கு நன்றாகத் தெரியும். இவர்கள் சொல்லும் 'திறமை' அந்தப் படிதான்!

இது பழைய கதை

வகுப்புவாரி உரிமை ஆணைப்படி சென்னை மாநிலக் கல்லூரிகளில் 14 இடங்களுக்கு 2 பிராமணர்களுக்கு, 1 முஸ்லிம்களுக்கு என்று பங்கு இருந்தது. அனைவருக்கும் பங்கு வைத்த அந்த ஆணையை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். மருத்துவக் கல்லூரியில் தனக்கு இடம் கிடைக்காது என்று வழக்காடிய செண்பகம் துரைராஜன், அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை! ஆனாலும் 1951இல் ஆணை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் கிளர்ந்தெழுந்தார்கள். அதே ஆண்டு அரசியல் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டு 15(4) பிரிவு பிறந்தது. தம்பி! உன் சீட்டு யாரோ போட்ட பிச்சையல்ல. போராடி மீட்ட பங்கு.

தகப்பன் சொத்தில் தங்கைக்கு மார்க்கம் விதித்த பாகத்தைக் கொடுக்கும்போது, 'உனக்குத் தகுதி இருக்கிறதா?' என்று பரீட்சை வைக்கிறோமா? நாட்டின் கல்வியும் அப்படியொரு பொதுச்சொத்துதான். பெயர்பெற்ற கல்லூரிகளில் பட்டப்படிப்பு மாணவர் 25 பேருக்கு ஒருவர்தான் முஸ்லிம் என்று 2006இல் சச்சார் குழு சொன்னது. பங்கு கிடைக்காதவன் யார், பறித்தவன் யார் என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லும்.

இனி நம் படியைப் பார்ப்போம்

பத்தாம் வகுப்பு முடித்த மகனைக் கல்லாவில் உட்கார வைக்கும் முதலாளிகளே! மகளின் படிப்பைப் பாதியில் நிறுத்தும் பெற்றோர்களே! பிறகு அந்த 3.5 யாருக்கு? பட்டியலில் உள்ள 7 பிரிவுகளில் தன் பிள்ளை எது என்று சான்றிதழ் வாங்காமல், கலந்தாய்வுக்கு முதல் நாள் தாலுகா அலுவலகத்துக்கு ஓடுகிறோமே, இது யார் குற்றம்? நம் சமுதாயத்தின் பெயரால் நடக்கும் கல்லூரியில் நன்கொடை கேட்டால் அங்கேயும் இதே கேள்வியைக் கேட்க நமக்குத் துணிவு வேண்டும். அருந்ததியருக்கு 2009இல் கிடைத்த 3 சதவிகித உள்ஒதுக்கீட்டை யாராவது இழித்துப் பேசினால் முதல் குரல் நம்முடையதாக இருக்க வேண்டும். நமக்கு மட்டும் கேட்பது நீதியல்ல, அது பேரம்!

ஒவ்வொரு ஜமாஅத்தும் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே பள்ளிவாசலில் ஒரு மேசை போடட்டும். படித்த இளைஞர் இருவர் அங்கே உட்கார்ந்து சான்றிதழுக்கும் கல்லூரிக்கும் விண்ணப்பம் எழுதித் தரட்டும். கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்கு பைத்துல்மால் கை கொடுக்கட்டும். இன்ஷா அல்லாஹ், அடுத்த ஆண்டு வகுப்பில் அந்தத் தம்பி தனியாக உட்கார மாட்டான்.

தலையை நிமிர்த்து, தம்பி! நீ யாருடைய இடத்திலும் உட்காரவில்லை. உன் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாய்.