தொடாதே என்ற பலகை

விடுமுறை வந்துவிட்டால் நம் பக்கத்தில் வேன் பிடித்துக்கொண்டு ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பிவிடுகிறார்கள். அப்பத்தா முதல் கைக்குழந்தை வரை வேனில் எல்லோருக்கும் இடம் உண்டு. சில வீடுகளில் ஒரு பிள்ளைக்கு மட்டும் இருக்காது. "அவனைக் கூட்டிக்கொண்டு போனால் யாருக்கும் நிம்மதி இருக்காது" என்று சொல்லி, பெரியவர் ஒருவர் அவனோடு வீட்டில் தங்கிவிடுவார். கெட்ட எண்ணத்தில் யாரும் இப்படிச் செய்வதில்லை. இருந்தாலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பூங்காவுக்கு முதலில் அழைத்துப் போக வேண்டியது அந்தப் பிள்ளையைத்தான்.

என் மகள் வயிற்றுப் பேரனுக்கு 11 வயது. ஆட்டிசம் உள்ளவன். பேச்சு குறைவு. கூட்டமும் இரைச்சலும் ஆகாது. ஆனால் ஒரு வேப்பமரத்தடியில் விட்டால் முக்கால் மணி நேரம் உதிர்ந்த இலைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பான். துளசியைக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டு என் மூக்கருகே நீட்டுவான். அவன் தானாக வந்து என்னிடம் ஒன்றைப் பகிர்ந்துகொள்வது பெரும்பாலும் செடி கொடிகளுக்கு நடுவில்தான். இதை வைத்தியம் என்று சொல்லமாட்டேன். வீட்டுச் சுவருக்குள் கிடைக்காத ஒன்று அவனுக்கு அங்கே கிடைக்கிறது என்று மட்டும் சொல்வேன்.

நான் புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் மழலையர் பள்ளிக்கு 'ழர்தேன் தான்ஃபான்' என்று பெயர். குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். ஜெர்மானியரான ஃபிரோபல் 1840-இல் தம் பள்ளிக்கு வைத்த 'கிண்டர்கார்ட்டன்' என்ற பெயரின் மொழிபெயர்ப்பு அது. குழந்தையைச் செடி போல அதனதன் போக்கில் வளரவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. அதே பிரெஞ்சு மொழியில்தான் இன்னொரு பலகையும் உண்டு: 'பெலூஸ் ஆந்தெர்தித்'. புல்தரையில் கால் வைக்காதே என்று பொருள். நம் ஊர்ப் பூங்காக்கள் முதல் பெயரை மறந்துவிட்டு இரண்டாவது பலகையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. தொடாதே, மிதிக்காதே, பறிக்காதே, உட்காராதே. கைகளால்தான் உலகத்தைத் தெரிந்துகொள்ள முடியும் என்ற நிலையில் இருக்கும் பிள்ளைக்கு, பூங்கா முழுவதும் 'தொடாதே' என்றால் அவன் அங்கே எதற்கு வருவது?

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நம் பழைய பூங்காக்கள் குழந்தைகளுக்காக உண்டானவை அல்ல. புதுவை தாவரவியல் பூங்கா 1826-இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கியது. எந்தப் பயிர் இந்த மண்ணில் வரும் என்று சோதித்துப் பார்ப்பது அதன் வேலைகளில் ஒன்று. ஊட்டி தாவரவியல் பூங்காவை 1848-இல் மெக்கைவர் என்ற வெள்ளைக்காரர் அமைக்கத் தொடங்கினார். 55 ஏக்கர் மலைச்சரிவு. படிகளும் ஏற்றமும் நிறைந்த இடம். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையை அன்று யாரும் நினைக்கவில்லை. அன்று நினைக்காததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. இன்று நினைக்காவிட்டால் சொல்லலாம்.

ஏனென்றால் இன்று சட்டம் இருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தாம் இருந்தன; ஆட்டிசம் அதில் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் உள்ளன. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் அவற்றில் அடக்கம். அதன் 29-ஆவது பிரிவு, பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கு பெற அரசும் உள்ளாட்சியும் வழிசெய்ய வேண்டும் என்கிறது. பொதுமக்கள் பொழுதுபோக்க வரும் கட்டடமும் பொதுக் கட்டடம்தான். ஏற்கெனவே உள்ளவற்றை 5 ஆண்டுகளுக்குள் எல்லோரும் பயன்படுத்தும்படி மாற்ற வேண்டும். விதிகள் 2017 ஜூனில் வந்தன. கணக்குப் போட்டால் 2022 ஜூனிலேயே கெடு முடிந்துவிட்டது. 34 ஆண்டுகள் கோப்பு புரட்டியவன் நான். 'ஆவன செய்யப்படும்' என்ற வரிக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். யாராவது திரும்பத் திரும்ப வந்து கேட்டால்தான் அந்தக் கோப்பு மேசைக்கு மேலே வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பூங்காவில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஊர் என்பது வேண்டாம். பேரன் நீரூற்றின் ஓரத்தில் நின்று கைகளை உதறிக்கொண்டு சத்தமாகச் சிரித்தான். மகிழ்ச்சி வந்தால் அப்படித்தான் செய்வான். காவலாளி வந்து விசிலை அவன் காதருகே ஊதினார். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு தரையில் புரண்டுவிட்டான். சுற்றி நின்றவர்களில் ஒரு அம்மாள் என் மகளிடம், "இந்த மாதிரிப் பிள்ளையை எல்லாம் ஏம்மா வெளியே கொண்டுவர்றே?" என்றார். மகள் பதில் சொல்லவில்லை. அதன்பிறகு எட்டு மாதம் அவனை எங்கேயும் அழைத்துப் போகவில்லை. அந்தக் காவலாளி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் விசிலைக் கொடுத்தவர்கள், இப்படியும் பிள்ளைகள் வருவார்கள் என்று ஒரு மத்தியானம் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

இந்தப் பிள்ளைகளுக்கென்று தனிப் பூங்கா கட்டிவிட்டால் போயிற்று என்பார்கள் சிலர். சென்னை சாந்தோமில் மாநகராட்சி அப்படி ஒரு விளையாட்டுப் பூங்கா அமைத்திருக்கிறது. நல்ல முயற்சி, குறை சொல்லவில்லை. ஆனால் ஒக்கூரிலிருந்து சாந்தோம் எத்தனை தூரம்! எனக்குப் பெங்களூரு வழிதான் பிடித்திருக்கிறது. அங்கே 'கிலிகிலி' என்ற அமைப்பினர் மாநகராட்சியோடு பேசி, ஏற்கெனவே இருந்த கோல்ஸ் பூங்காவிலேயே எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து விளையாடும்படி மாற்றங்கள் செய்ய வைத்தார்கள். சென்னை தரமணியில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் பார்வையற்றவர்களுக்காகத் தொட்டும் முகர்ந்தும் அறியும் தோட்டம் ஒன்று உண்டு. மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை போட்டார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. மறுபடி சரிசெய்தார்கள். மனம் இருந்தால் கடல் மணலிலேயே பாதை போடலாம். பூங்காவில் போட முடியாதா?

"மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமே" என்பது அடுத்த கேள்வி. இதற்குப் பதில் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் உங்களுக்குத் தெரியும். கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பல்லாண்டுகளாக இதுதான் அவர்கள் வழக்கம். வனத்துறையினர் நன்றியாக இனிப்புக் கொடுப்பதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். எங்கிருந்தோ வருகிற நாரைக்காகத் தீபாவளி வெடியையே விட்டுக்கொடுக்கும் சீமை இது. சொந்த ஊர்ப் பிள்ளைக்காக வாரத்தில் ஒரு நாள் காலை இரண்டு மணி நேரம் பூங்காவின் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நான் கேட்பவை பெரிய செலவில்லாதவை. வாசலில் சுழல்கதவுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி நுழையும் ஒரு கதவு. பிள்ளை சாலைக்கு ஓடிவிடாதபடி உள்ளே முழு வேலி. சாய்தளம். முதுகுச் சாய்வும் பட்டையும் உள்ள ஓர் ஊஞ்சல். தொட்டுப் பார்க்கவென்றே ஒரு பாத்தி: துளசி, ஓமவல்லி, வெட்டிவேர், மருக்கொழுந்து, தொட்டாற்சிணுங்கி. முல்லைத்திணையைப் பாடிய மாசாத்தியாரின் ஊர்க்காரன் என்பதால் ஒரு முல்லைக் கொடியும் கேட்கிறேன். வளர்ந்த பிள்ளையைப் படுக்கவைத்து உடை மாற்றும்படி ஒரு கழிப்பறை. இதைப் பலர் வெளியே சொல்லக் கூசுவார்கள். ஆனால் 11 வயதுப் பிள்ளைக்கு டயப்பர் மாற்ற இடமில்லாததால்தான் எத்தனையோ தாய்மார்கள் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை.

அதுவரை நம்மைப் போன்ற தாத்தா பாட்டிகள் செய்யக்கூடியதும் உண்டு. ஊட்டி, கொடைக்கானல் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் இந்தப் பிள்ளைகளைக் கொண்டுபோய்த் தள்ளாதீர்கள். 2024 மே மாதம் முதல் அங்கே இ-பாஸ் வேறு வேண்டும். வார நாளில், திறந்தவுடன் போங்கள். முதல் நாள் இரவே அந்த இடத்தின் படத்தைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். அவனுக்குப் பழகிய தின்பண்டம், மாற்றுத் துணி, இரைச்சலை அடக்கும் ஹெட்போன் கையில் இருக்கட்டும். எல்லாவற்றையும் சுற்றிக் காட்ட ஆசைப்படாதீர்கள். ஒரு மரத்தடியோடு வருகை முடிந்தால் அதுவும் நிறைவான வருகைதான். அழுதால் கிளம்பிவிடுங்கள்; மறுபடி போங்கள். வெறித்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நம் நரைத்த தலைக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை இருக்கிறது.

காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. அங்கே அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது. வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஆலோசனை கேட்க வெளியூர் போக வேண்டியதில்லை. காரைக்குடி மாநகராட்சிக்கும் சிவகங்கை நகராட்சிக்கும், 29-ஆவது பிரிவைக் குறிப்பிட்டு, ஆளுக்கொரு மனு எழுதுங்கள். விரைவுத் தபாலில் பதிவு செய்து அனுப்புங்கள். ஒரு மனுவை ஓரமாக வைத்துவிடலாம். ஐம்பது மனு வந்தால் தனிக் கோப்பு போட்டே ஆக வேண்டும். இது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் சொல்வது.