ரெண்டு செகண்டுதானே மிஸ்?

கொஞ்சம் நீளமான பதிவு. காபியை வைத்துக்கொண்டு உட்காருங்கள். இன்று திட்டப்போகிறேன். குறிப்பாக, உங்களில் மொபைல் ஆப் செய்து சம்பாதிக்கிறவர்களை.

பக்கவாதம் வந்ததிலிருந்து எங்கள் அக்காவுக்கு வலது கை வராது, பேச்சும் குழறும். கட்டிலோடு ஒரு ஸ்டாண்டு பொருத்தி, அதில் டேப்லெட்டைப் படுத்த வாக்கில் மாட்டியிருக்கிறோம். எழுத்து பெரிதாகத் தெரியும். வீடியோவில் பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகத் தெரிவார்கள். அதில் பேச்சுப் பயிற்சிக்கு ஓர் ஆப் போட்டுக் கொடுத்தோம். யாருடையது என்று சொல்லப்போவதில்லை.

நான்கு நாளாக அவர் பயிற்சியே செய்யவில்லை. ஏன் என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இடது கையால் ஆப்பைத் தொட்டார். திறந்ததும் வருகிற முதல் படம், கருவியை நிமிர்த்திப் பிடித்தால் மட்டுமே நேராகத் தெரியும்படி செய்தது. அக்காவின் திரையில் சின்னமும் எழுத்தும் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. அவர் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். உடனே மூடிவிட்டார். கொஞ்சம் பொறுத்திருந்தால் அடுத்த திரை நேராகவே வந்திருக்கும். உள்ளே எல்லாம் சரி, வாசல் மட்டும் கோணல். அது அவருக்கு எப்படித் தெரியும்? என்னைப் பார்த்துத் தன் நெஞ்சைத் தொட்டு, "நான்... தப்பு" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இதே வேலை பார்க்கிற என் பழைய மாணவன் ஒருவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மிஸ், அது லாஞ்ச் ஸ்கிரீன். ரெண்டு செகண்டுதானே? டேப்லெட்டைப் படுக்க வெச்சு யாரு மிஸ் யூஸ் பண்றாங்க?" என்று சிரித்தான். அவனுக்கும் அவனைப் போன்றவர்களுக்கும்தான் இந்தப் பதிவு.

கணக்கு டீச்சர் சும்மா இருப்பேனா? ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். இது உங்களுக்குத் தெரியாத விஷயமே இல்லை என்று புரிந்தது. 2010-ல் முதல் ஐபேட் வந்தபோதே நின்ற வாக்குக்கு ஒரு படம், படுத்த வாக்குக்கு ஒரு படம் என்று தனித்தனியாகக் கொடுக்க ஆப்பிள் இடம் வைத்திருந்தது. அளவுகூடச் சொல்லியிருந்தார்கள்: 768-க்கு 1004, 1024-க்கு 748. மேலே மணி காட்டும் பட்டைக்கு 20 புள்ளி கழித்த கணக்கு அது. 2014-ல் ஐஓஎஸ் 8 வந்தபோது அந்தப் பாடும் குறைந்தது. ஸ்டோரிபோர்டில் ஒரே ஒரு முறை அமைத்தால், திரை எப்படித் திரும்பினாலும் அதற்கேற்ப விரியும். 2020-ல் ஆப் ஸ்டோருக்கு அதையே கட்டாயமாக்கினார்கள். ஆண்ட்ராய்டிலும் படுத்த வாக்குக்குத் தனிப் படம் வைக்கத் தனி ஃபோல்டர் உண்டு. 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12, நடுவில் ஆப்பின் சின்னம், சுற்றி ஒரே நிறம் என்று தானே முதல் திரையை வரைந்துவிடுகிறது. நடுவில் இருப்பது எந்தப் பக்கம் திருப்பினாலும் நடுதானே!

இத்தனையும் இருந்தும் என்ன செய்கிறீர்கள்? அந்தத் திரைக்கு மேல் கம்பெனி விளம்பரமாக ஒரு படத்தை ஒட்டுகிறீர்கள். அதை நின்ற வாக்கில் மட்டும் பூட்டுகிறீர்கள். இன்னும் சிலர் பூட்டாமல் இழுத்துவிடுகிறார்கள். எட்டாம் வகுப்புக் கணக்குதான், போட்டுப் பாருங்கள். 768 அகலம், 1024 உயரம் உள்ள படத்தை 1024 அகலம், 768 உயரத்துக்கு இழுத்தால் அகலம் மூன்றில் நான்காகப் பெருகும், உயரம் நான்கில் மூன்றாகக் குறையும். வட்டமாக வரைந்த சின்னம் 16-க்கு 9 என்ற விகிதத்தில் முட்டையாகிவிடும். என் வகுப்பில் இப்படி ஒரு வட்டம் வரைந்திருந்தால் நோட்டு உங்கள் கைக்குத் திரும்பி வந்திருக்காது.

முதல் திரை விளம்பரப் பலகை அல்ல என்று ஆப்பிளின் வடிவமைப்பு வழிகாட்டியே சொல்கிறது. உள்ளே வரப்போகும் திரையைப் போலவே அது இருக்க வேண்டும். அதில் எழுத்து வேண்டாம், ஏனென்றால் பயனரின் மொழிக்கு ஏற்ப அந்த எழுத்து மாறாது. வாசலில் நிற்பவரை உள்ளே அழைப்பதுதான் அதன் வேலை, உங்கள் பெருமையைப் படிக்க வைப்பது அல்ல.

"யார் படுக்க வைத்துப் பார்க்கிறார்கள்?" என்ற கேள்விக்கு வருகிறேன். சக்கர நாற்காலியின் கையில் கருவியைப் பொருத்தியவர்கள் பார்க்கிறார்கள். கட்டிலில் கிடப்பவர்கள் பார்க்கிறார்கள். அவர்களால் கருவியைத் திருப்ப முடியாது, அதனால்தான் அதை மாட்டியே வைத்திருக்கிறார்கள். 2018-ல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 என்ற அணுகல் விதிகளில் 1.3.4-ஆவது விதியே இதற்குத்தான்: அவசியம் இல்லாமல் ஒரே வாக்கில் பூட்டாதே. விதிவிலக்கும் உண்டு. பியானோ வாசிக்கும் ஆப் படுத்த வாக்கில்தான் வேலை செய்யும் என்றால் நியாயம். உங்கள் லோகோ என்ன பியானோவா?

"நேரமில்லை மிஸ்" என்பீர்கள். அந்த விளம்பரப் படத்தை வரையவும், அசைய வைக்கவும், மேலாளரிடம் ஐந்து முறை காட்டவும் நேரம் இருந்ததே! அதை எடுத்துவிட்டு வெறும் நிறமும் நடுவில் ஒரு சின்னமும் வைத்திருந்தால் வேலை குறைந்திருக்கும். செய்யாமல் விட்டதைவிட, வேண்டாததைச் செய்ததுதான் இங்கே தவறு.

ரெண்டு செகண்டு என்று சொன்ன பிள்ளைக்கு ஒன்று சொல்கிறேன். அந்த ரெண்டு செகண்டில் அறுபத்தெட்டு வயது மனுஷி ஒருத்தி தன் மேலேயே நம்பிக்கை இழந்தார். தப்பு உன்னுடையது, தண்டனை அவருக்கு. வகுப்பில் இதை நான் ஒருநாளும் அனுமதித்ததில்லை.

நாளை காலை ஆபீஸ் போனதும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு டேப்லெட்டைப் படுக்க வைத்துவிட்டு, உங்கள் ஆப்பை முழுவதுமாக மூடித் திறந்து பாருங்கள். தலையைச் சாய்க்க வேண்டியிருந்தால் திருத்துங்கள். திருத்தியவர்கள் கீழே எழுதுங்கள், அக்காவிடம் வாசித்துக் காட்டுகிறேன்.

அவர் இப்போது பயிற்சி செய்கிறார். படம் சாயும்போது பக்கத்தில் நான் இருந்து "பொறுக்கா, அவங்க தப்பு, உன் தப்பு இல்ல" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. தினமும் மூன்று வேளை.

அன்புடனும் கொஞ்சம் கோபத்துடனும்,
உங்கள் கணக்கு டீச்சர்