ஆயிரம் ரூபாய் இயர்பட்ஸ்... பேஸ் மட்டும் போதுமா?

ஆயிரம், ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்குள் ஒயர்லெஸ் இயர்பட்ஸ் வாங்குபவர் முதலில் பார்ப்பது அட்டைப்பெட்டியைத்தான். 13 மி.மீ. டிரைவர், 40 மணி நேர பேட்டரி என்று போட்டிருக்கும். அந்த 40 மணி, டப்பாவில் திரும்பத் திரும்ப வைத்து சார்ஜ் ஏற்றுவதையும் சேர்த்த கணக்கு. டிரைவர் பெரிதானால் ஒலி நன்றாக இருக்கும் என்பதும் இல்லை. ட்யூனிங்தான் விஷயம்.

அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். போட்டவுடன் அசத்த வேண்டும் என்று பேஸை ஏற்றி வைக்கிறார்கள். குத்துப்பாட்டுக்கு ஓகே. இளையராஜா பாட்டைப் போட்டால் தெரியும் சேதி... பேஸ் கிடார் தனியாக ஒரு மெட்டு வாசித்துக்கொண்டு போகும், இதில் வெறும் 'தொம் தொம்'தான். ஜானகியின் குரல் போர்வைக்குள்ளிருந்து வரும்.

பேஸே இல்லை என்று திட்டுபவர்களும் உண்டு. பல நேரம் குற்றவாளி சிலிக்கோன் டிப். காதைச் சரியாக அடைக்காவிட்டால் முதலில் ஓடிப்போவது பேஸ்தான். கூட வரும் மற்ற சைஸ்களை மாட்டிப் பார்க்காமல் ரிவ்யூ எழுதுவது அநியாயம்!

டிசைனுக்கு வருவோம். காம்பு வைத்த மாடலை 2016-ல் வந்த ஏர்பாட்ஸின் காப்பி என்று கிண்டல் செய்வார்கள். ஆனால் மைக் வாய்க்குக் கொஞ்சம் அருகில் வருகிறதே, போன் பேச நல்லது. பளபள டப்பாவில் சீக்கிரமே கீறல் விழும், போகட்டும். பேட்டரிதான் பெரிய கோளாறு. ஒட்டி மூடியிருப்பதால் மாற்ற வழியில்லை. 1,200 ரூபாய் பொருள் இரண்டு வருடத்தில் குப்பைக்குப் போனால் தேய்மானம் வருடத்துக்கு 600! 300 ரூபாய் ஒயர் இயர்போனுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. என்ன, பல புது போன்களில் அதைச் சொருகத்தான் ஓட்டை இல்லை.