ஒரு பாட்டில் மெழுகும் ஒரு மணி நேர வேலையும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் கார் இல்லாத வீடு குறைந்து வருகிறது. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் அந்தக் கார்களைச் சற்று நெருங்கிப் பாருங்கள். வங்கிக் கடன் ஐந்தாண்டு, ஏழாண்டு என்று ஓடிக்கொண்டிருக்கும். கூரையின் பளபளப்போ மூன்றாம் ஆண்டிலேயே ஓடிப் போயிருக்கும். வாங்கும் அன்று நிறம் தேர்ந்தெடுக்க நான்கு கடை ஏறி இறங்கியவர்கள், வாங்கிய பின் அந்த நிறத்தைக் காப்பது யார் வேலை என்று யோசிப்பதில்லை. வசதி உள்ளவர் கடையில் விட்டுப் பல ஆயிரம் கொடுக்கிறார். இல்லாதவர் விதியே என்று விட்டுவிடுகிறார். இரண்டும் வேண்டியதில்லை என்பது என் கருத்து. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் திரவ மெழுகு ஒரு பாட்டிலும், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் போதும். சொந்த அனுபவத்தில் பார்த்துவிட்டே சொல்கிறேன்.

நான் இருப்பது அம்பூரியில். பம்பாயிலும் வளைகுடாவிலும் இருக்கும் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லைக் கிராமங்களில் இதுவும் ஒன்று. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அப்படி இந்தப் பக்கம் நின்றுவிட்ட தமிழ் வீடுகளும் உண்டு. பிற்பாடு பிழைப்புக்காக வந்து குடியேறிய எங்களைப் போன்றவர்களும் உண்டு. மலையடிவாரம், எங்கு பார்த்தாலும் ரப்பர் மரம். இடவப்பாதி மழை ஒன்று, ஐப்பசி மழை ஒன்று என ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். மழை விட்டால் செம்மண் தூசி. பலாவும் மாவும் பழுத்தால் வௌவால் எச்சம். காரின் பெயிண்டைச் சோதித்துப் பார்க்க இதைவிடக் கடுமையான இடம் தேட வேண்டாம்.

இன்றைய கார்களில் நிறத்துக்கு மேல் 'கிளியர் கோட்' என்னும் நிறமற்ற பூச்சு ஒன்று இருக்கிறது. அதன் கனம் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு! பளபளப்பெல்லாம் அந்த மெல்லிய தோலில்தான். வெயிலின் புற ஊதாக் கதிர் அதைச் சிறுகச் சிறுகக் கெடுக்கிறது. பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் உண்டு; வெயிலில் காய்ந்தால் வட்டத் தடம் விழுந்துவிடும். செம்மண் தூசியோடு இருக்கும் காரை உலர்ந்த துணியால் துடைப்பதோ உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். மெழுகு என்பது அந்தத் தோலுக்கு மேல் நாம் போர்த்தும் இன்னொரு தோல். அடி விழுந்தால் முதலில் அதன்மேல் விழும். அது தேய்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். கிளியர் கோட் போனால் பெயிண்ட் அடிப்பவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

பாட்டிலின்மேல் அச்சடித்திருப்பதை அப்படியே நம்புகிறவன் அல்ல நான். எங்கள் வீட்டில் இருப்பது எட்டு வயதான கரும்சாம்பல் நிறச் சிறு கார். ஒரு மே மாதக் கடைசியில், இடவப்பாதிக்கு முன்பாக, பானெட்டின் நடுவே காகித டேப் ஒட்டி வலப் பாதிக்கு மட்டும் மெழுகு பூசினேன். இடப் பாதி கழுவியதோடு சரி.

செய்முறை எளிது. நிழலில் நிறுத்தி, பானெட் சூடு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு வாளியில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும். சக்கரப் பக்கம் கடைசி. பாத்திரம் கழுவும் சோப்பு கூடாது. அது எண்ணெய்ப் பிசுக்கைப் போலவே பழைய மெழுகையும் கழுவிக்கொண்டு போய்விடும். ஈரம் போகத் துடைத்தபின், ஸ்பாஞ்சில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மெழுகு விட்டு மெல்லிசாகத் தடவ வேண்டும். நிறைய பூசினால் நிறைய மினுங்கும் என்பதெல்லாம் பொய். துடைக்கத்தான் கை வலிக்கும். பூசியது வெளிறிப் புகை படிந்தாற்போல் ஆனதும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். விரலில் ஒட்டாமல் சுத்தமாக வந்தால் மைக்ரோ ஃபைபர் துணியால் துடைத்துவிடலாம். வெயில் காலத்தில் பத்து நிமிடத்தில் காயும். மழை ஈரம் உள்ள நாளில் அரை மணி கூட ஆகும். கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் பட்டால் வெள்ளையாகத் தங்கிவிடும். அங்கே முதலிலேயே டேப் ஒட்டிக்கொள்வது நல்லது. முன் கண்ணாடியிலும் படக்கூடாது. வைப்பர் ஓடும்போது மங்கும்.

முதல் மழையிலேயே வித்தியாசம் தெரிந்தது. வலப் பாதியில் சேம்பிலைத் தண்ணீர்போல முத்து முத்தாய் நின்று உருண்டு ஓடிற்று. இடப் பாதியில் தண்ணீர் பரவிப் படிந்து கிடந்தது. இரண்டு பக்கமும் விழுந்த வௌவால் எச்சத்தில் வலப்பக்கத்தது ஈரத் துணிக்கு வந்துவிட்டது. இடப்பக்கத்தது தடம் வைத்துவிட்டுத்தான் போனது. ஏழாம் வாரம் முத்துகள் தட்டையாயின. பத்தாம் வாரம் இரண்டு பாதியும் ஒன்றுபோல் ஆயின. பாட்டிலில் ஆறு மாதம் என்று போட்டிருந்தது! அம்பூரி மழையை அவர்கள் கண்டார்களா என்ன? அதனால்தான் இரண்டு மாதக் கணக்கு சொன்னேன். முழுக் காருக்கும் கழுவுவது உள்படச் செலவானது ஒரு மணி நேரமும் கொஞ்சமும். அரை லிட்டர் பாட்டில் பத்து முறைக்குக் குறையாமல் வரும்.

மெழுகுக்கு இயலாததையும் சொல்லிவிட வேண்டும். ஆழமான கீறலை அது ஆற்றாது. சில நாள் மறைத்துக் காட்டும். உரிந்துபோன கிளியர் கோட்டை மீட்காது. மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளக்கவைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது ஒரு பொழுது மினுக்கு. மறுநாளே தூசியைக் கூட்டிச் சேர்க்கும்.

இந்த மெழுகுக்கும் நமக்கும் ஒரு தூரத்து உறவும் இருக்கிறது. கார் மெழுகுகளில் பெயர்பெற்றது கார்னாபா. பிரேசிலின் வடகிழக்கே வறண்ட பகுதியில் வளரும் ஒரு பனை மரம் தருவது அது. வெயிலில் ஈரம் போய்விடாமல் இருக்க அந்த மரம் தன் ஓலைமேல் தானே மெழுகு பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டிக் காயவைத்துத் தட்டினால் மெழுகு தூளாய் உதிரும். தேன்மெழுகு 65 பாகைச் சூட்டுக்குள் உருகிவிடும். இது உருக 80 பாகைக்கு மேல் வேண்டும். 1935-இல் ஜான்சன் மெழுகுக் கம்பெனியின் தலைவர் இந்தப் பனையைத் தேடி அமெரிக்காவிலிருந்து பிரேசிலுக்குச் சிறு விமானத்தில் பறந்தார். பென்ஜமின் ஹிர்ஷ் என்பவர் 1940-களில் சிகாகோவில் குளியல் தொட்டியில் திரவக் கார் மெழுகைக் கலந்து பாட்டிலில் அடைத்து விற்றார். அதுவே பின்னாளில் டர்டில் வாக்ஸ் ஆயிற்று. இப்போது விலை குறைந்த பாட்டில்களில் கார்னாபா கொஞ்சமும் சிலிக்கோன் அதிகமுமாக இருக்கும். அதனால் குற்றமில்லை, தண்ணீரை உருட்டிவிடும் வேலையைச் சிலிக்கோனும் செய்யும். நான் சொல்ல வருவது, குளியல் தொட்டியில் பிறந்த பொருளைப் பூசுவதற்கு நிபுணர் தேவையில்லை என்பதுதான்.

'செராமிக் கோட்டிங் போட்டுவிட்டால் ஆண்டுக்கணக்கில் கவலை இல்லையே' என்று சிலர் கேட்கலாம். அது ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. சிலிக்கா சேர்ந்த அந்தப் பூச்சு மெழுகைவிடப் பல மடங்கு காலம் நிற்கும். ஆனால் நான் விசாரித்த ஒரு கடையில், 'போட்டபின் கழுவவே வேண்டாம்' என்றார்கள். அது நடக்கிற காரியமா? எந்தப் பூச்சின் மேலும் சேறு சேறுதான், எச்சம் எச்சம்தான். மாதத் தவணைக்கே மூச்சு வாங்கும் குடும்பம் பளபளப்புக்காக இன்னொரு கடனில் இறங்குவது அழகல்ல.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் நூறு லிட்டரைத் தாண்டிவிடும். மெழுகு பூசிய காரில் அழுக்கு இறுகப் பிடிப்பதில்லை. இரண்டு வாளியில் காரியம் முடிகிறது. நெய்யாறு அணை எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் இடதுகரைக் கால்வாய்த் தண்ணீரை நம்பியிருந்த விளவங்கோட்டு வயல்களுக்கு 2004 முதல் தண்ணீர் நின்றது. 2012-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கார் கழுவும் தண்ணீரை மிச்சம் பிடித்தால் அந்த வழக்கு தீராது. ஆனால் உறவினர் வயல் காய்ந்ததைக் கண்டவன் கையில் குழாயைத் திறந்துவிட்டு நிற்பது பொருந்தாது. ஜெர்மனியில் பல ஊர்களில் வீட்டு வாசலில் கார் கழுவவே தடை. சோப்பும் எண்ணெயும் மண்ணில் இறங்கக்கூடாது என்பதற்காக. கிணற்று நீரைக் குடிக்கும் நாமும் வாளித் தண்ணீரைக் கிணற்றடியில் கொட்டாதிருக்கலாம்.

இத்தனைக்கும் மேலாக நான் பெரிதாக நினைப்பது வேறொன்று. முதல் முறை வாளி தூக்கியபோது என் மகன் கேட்டான்: "கடையில விட்டா போதாதாப்பா? பக்கத்து வீட்டுக்காரங்க பாத்தா என்ன நினைப்பாங்க?" பதினான்கு வயதுப் பையன். இந்தப் பேச்சை நம் வீடுகள் பலவற்றில் கேட்டிருக்கிறேன். பனையேறியும் ரப்பர் வெட்டியும் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் நம் பாட்டன்மார். ஊர்விட்டு ஊர் வந்து நாம் கொஞ்சம் நிமிர்ந்ததும், கையில் சேறு படும் வேலை எல்லாம் அடுத்தவருடையது என்று நம் பிள்ளைகள் நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். இது எங்கே கொண்டுபோய் விடும்? சொந்தக் காரைக் கழுவ வெட்கப்படுபவன், நாளை அதைக் கழுவித் தருகிறவனை எப்படி மதிப்பான்? அன்று நான் பதில் சொல்லவில்லை. ஸ்பாஞ்சை அவன் கையில் கொடுத்தேன்.

கையால் தொட்டால்தான் காரைத் தெரிந்துகொள்ளவும் முடியும். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் உண்டு. எங்கள் காரில் ரப்பர் இலைச் சருகு அவற்றை அடைத்திருப்பதை மெழுகு பூசும்போது கண்டவன் அந்தப் பையன்தான். அடைத்தே இருந்தால் உள்ளிருந்து துரு ஏறும். வைப்பருக்குக் கீழேயும் ஒரு கைப்பிடிச் சருகு கிடந்தது. மழை மிகுந்த ஊர்களில் பழைய கார்களைத் துரு அப்படித்தான் தின்கிறது. வெளியில் பூசும் மெழுகு அதைத் தடுக்காது. கண்டுபிடிப்பது பூசுகிறவரின் கண்தான். பணம் கொடுத்து விடும் இடத்தில் இதை யார் பார்த்துச் சொல்வார்?

ஆகவே, அன்பர்களே, அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒரு பாட்டில் வாங்குங்கள். முதலில் பானெட்டில் பாதி பூசிப் பாருங்கள். என் வார்த்தையையும் நம்ப வேண்டாம், மழை சொல்வதைக் கேளுங்கள். வீட்டில் மகன் மட்டுமல்ல, மகளும் ஒரு கதவைத் துடைக்கட்டும். மாடிக் குடியிருப்பில் வாசல் இல்லாதவர்கள் ஊர் வரும்போது செய்யலாம். காரின் பளபளப்பு ஏழு வாரத்தில் போய்விடும். கைவேலைக்குக் கூசாத பழக்கம் பிள்ளைகளிடம் ஒட்டிக்கொண்டால், அது அவர்கள் போகிற ஊருக்கெல்லாம் கூடவே போகும்.