எஃகுக்குப் பக்கத்தில் ஓர் இலை

எஃகின் யங் குணகம் எவ்வளவு? மேல்நிலை வகுப்பில் இயற்பியல் படிக்கும் எந்த மாணவரும் ‘சதுர மீட்டருக்கு 2 × 10¹¹ நியூட்டன்’ என்று உடனே சொல்லிவிடுவார். சொல்வதில் தவறில்லை. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு ஆய்வகத்தில் அளவெடுக்க உட்காருவதில்தான் தொல்லை. விடை சற்று விலகினால், ஏன் விலகியது என்று எவரும் கேட்பதில்லை; அளவீடுதான் திருத்தப்படுகிறது.

ஆகவே மாணவ நண்பர்களே, எஃகுக்குப் பக்கத்தில் ஓர் இலையையும் ஆய்வகத்தில் வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

பழனி மலை மாணவர்களுக்கு இது மிக எளிது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே மலைவாழை நிற்கிறது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் விருப்பாட்சிப் பழம் இந்த மலைச் சரிவுகளில் விளைவதுதான். பஸ் மேலேறி 2,000 மீட்டரைத் தாண்டினால் கொடைக்கானல் சோலைகள். அவற்றின் ஓரங்களில் சிவப்புப் பூப் பூக்கும் காட்டுப் பூவரசு. இலைகள் சிறியவை, தோல்போல் தடித்தவை.

வாழையிலையின் விறைப்பு பெரும்பாலும் தண்ணீர் கொடுத்தது. செல்லுக்குள் இருக்கும் நீர் சுவரை உள்ளிருந்து அழுத்துகிறது. பசுமையான இலைகளில் இந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 5 முதல் 10 மடங்குவரைகூட இருக்கும். கார் டயரில் அடிக்கும் காற்றுக்கு ஏறக்குறைய 2 மடங்குதான்! கட்டுச்சோறு கட்டுமுன் அம்மா இலையை அனலில் வாட்டுகிறாரே, ஏன்? சூட்டில் செல்லின் சவ்வு கெட்டு நீர் கசிகிறது, அழுத்தம் போய்விடுகிறது, இலை துணிபோல் மடிகிறது. காட்டுப் பூவரசின் இலையோ உதிர்ந்து காய்ந்த பின்னும் முறுக்காகவே கிடக்கும். அதன் பலம் நாரிலும் தடித்த சுவர்களிலும் இருக்கிறது.

ஆக, ‘வாழையிலையின் யங் குணகம் என்ன?’ என்றால், காலையில் பறித்ததா, மாலையில் வாடியதா என்று திருப்பிக் கேட்க வேண்டும். எந்தத் திசையில் என்றும் கேட்க வேண்டும். பக்க நரம்புகளின் போக்கில் வெட்டிய துண்டு எடையைத் தாங்கும்; நரம்புகளுக்குக் குறுக்கே வெட்டியது சட்டென்று கிழியும்.

காம்பு இன்னும் சுவையானது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் வாய்க்கால்போல் மேலே திறந்திருக்கும். ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டி ஒட்டி முறுக்கிப் பாருங்கள், எதிர்க்கும். நீளவாட்டில் ஒரு கோடு வெட்டிவிட்டு முறுக்குங்கள், எளிதில் முறுங்கும். வாழைக்காம்பும் அப்படியே. பெரிய இலையின் பாரத்தைத் தாங்கும். காற்றடித்தால் முறுங்கி, இலையைக் காற்றின் போக்கில் திருப்பிவிடும். ரோலண்ட் ஏனோஸ் என்ற பிரிட்டானியரும் ஷ்பாட்ஸ், ஷ்பெக் என்ற ஜெர்மானியர் இருவரும் இதை முறையாக அளந்து 2000-ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார்கள். நம் கொல்லையில் நிற்கும் பொருள்தான்!

நீங்களும் அளக்கலாம். காம்பின் ஒரு முனையை மேசை ஓரத்தில் இறுகக் கட்டி, மறுமுனையில் 50 கிராம் 50 கிராமாக எடையேற்றி, முனை எவ்வளவு தாழ்கிறது என்று குறியுங்கள். பிறகு ஒவ்வொன்றாக எடையை இறக்குங்கள். எஃகுப் பட்டை பழைய இடத்துக்கு வந்துவிடும். காம்பு முழுவதும் வராது. கால்மணி கழித்துப் பார்த்தால் இன்னும் சற்று மேலேறியிருக்கும். வரைபடத்தில் ஏறும் கோடும் இறங்கும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழாது. அந்த இடைவெளியை அண்ணன் நோட்டைப் பார்த்து எழுத முடியாது.

(இலைக்காகச் சோலைக்குள் நுழையாதீர்கள். கொடைக்கானல் காடுகள் 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம். சாலையோரம் உதிர்ந்தது போதும்.)

‘இது தாவரவியல் அல்லவா?’ என்பார்கள். 1665-இல் தக்கையைப் பெரிதாக்கிப் பார்த்து ‘செல்’ என்று பெயர் வைத்தவரும், 1678-இல் சுருள்வில்லின் விதியை வெளியிட்டவரும் ஒரே ராபர்ட் ஹூக்தான். அவருக்கு எந்தத் துறையில் நாற்காலி போடுவது?

‘இலைக்கு இலை விடை மாறினால் மதிப்பெண் எப்படிப் போடுவது?’ என்பது நியாயமான கேள்வி. பத்துக் காம்புகளை அளந்து, விடைகள் எவ்வளவு சிதறின, ஏன் சிதறின என்று மாணவர் எழுதியதற்குப் போடலாம். தேர்வுக்குழுக்கள் இதை உடனே ஒப்புக்கொள்ளும் என்று நான் நம்பவில்லை. பள்ளி அறிவியல் மன்றத்துக்கு அவர்களுடைய அனுமதி தேவையில்லை. காம்பு மட்டும் காலையில் வெட்டியதாக இருக்கட்டும்; இன்னொன்றை மாலைவரை வெயிலில் போட்டுவைத்து, அதையும் அளந்து பாருங்கள்.