ஆப் சரி, சாமையைக் குத்துறது யாரு?

1/ "சிறுதானியம் சாப்பிட ஞாபகப்படுத்தும் ஆப்"னு பிட்ச் பண்ற ஸ்டார்ட்அப் தம்பிகளா, முதல்ல 70 கொண்டை ஊசி வளைவு ஏறி கொல்லிமலை போயிட்டு வாங்க.

2/ அங்கே சாமை விளையுது. ஆனா உமி நீக்க பெண்கள் உரல்ல குத்த வேண்டியிருந்தது. தோள்வலி, இடுப்புவலிதான் மிச்சம். ரேஷன் அரிசின்னா நேரா உலையில போடலாம். சாமை தட்டிலிருந்து குறைஞ்சதுக்கு இது முக்கியக் காரணம். மறதி இல்லை.

3/ எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கொண்டுபோனது உமி நீக்கும் மெஷின். நடத்தினது உள்ளூர் சுய உதவிக் குழுக்கள்.

4/ "சாமை சாப்பிடுங்க"ன்னு சீட்டுல எழுதுறது டாக்டருக்குச் சுலபம். ஆப்புக்கு அதைவிடச் சுலபம். அதனால, யாராவது தீர்வோட வந்தா நீங்க கேளுங்க: "இதனால யாரோட வேலை குறையும்?"